கல்லு விட்ட கொட்டாவி

குதிரைக்கு உடம்பு தடவி விடக் கத்துக்க மூணு நாள் வகுப்பாம். கேட்டதும் நான் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த தீவன வாளி கீழே விழுந்துடுச்சு.

இருபத்திரண்டு வருஷமா இந்த லாயத்துல கிடக்கிறேன். பதினோரு குதிரை. எதுக்கு எப்ப வயிறு வலிக்கும், எது எந்தக் காலால உதைக்கும், எது தண்ணித் தொட்டியில மூக்கை விட்டுக்கிட்டுக் குடிக்கிற மாதிரி நடிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்கு எவளோ ஒருத்தி வந்து குதிரையை எப்படித் தொடணும்னு சொல்லித் தரப் போறாளாம். காலம் கெட்டுப் போச்சு, வேற என்ன?

எல்லாம் அந்த வக்கீல் பண்ணின வேலை. ஞாயித்துக்கிழமை சவாரிக்கு வருவார். குதிரை நடந்துக்கிட்டிருக்கு, ஓடக்கூட இல்லை, இவர் மேல உட்கார்ந்துக்கிட்டு போன்ல யாரையோ மிரட்டிக்கிட்டிருந்தார். குதிரை ஈயை விரட்டத் தலையை ஆட்டுச்சு. மனுஷன் மூட்டை மாதிரி சரிஞ்சு விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டார். விழுந்தது இவர், தப்பு குதிரைங்க மேல. உடனே இன்ஷூரன்ஸ்காரங்க வந்துட்டாங்க, கழுத்துல பட்டை, கையில அட்டை. குதிரைங்க பதட்டமா இருக்குதாம், அதுங்களைக் கையாளறவங்க எல்லாரும் முறையா ஒரு பயிற்சி எடுக்கணுமாம்.

முதலாளியம்மா என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. நல்ல மனுஷிதான், ஆனா முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லாதப்ப மேஜை மேல இருக்கிற பேனாவை அடுக்கி வைப்பாங்க. அன்னைக்கு எல்லாப் பேனாவையும் அடுக்கினாங்க.

"பெரியக்கா, சர்ட்டிபிகேட் இல்லாதவங்க இனிமே குதிரை மேல கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக் கேட்டிருக்காங்க."

"நானுமா?"

"எல்லாரும்தான். மூணாவது நாள் ஒரு சோதனை இருக்கும். அதுல தேறலைன்னா... சம்பளம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். புல் கொட்டகையை நீ பார்த்துக்கலாம்."

சம்பளம் யாருக்கு வேணும்? எனக்குக் கல்லு வேணும்.

கல்லு யாருன்னு சொல்லணும். செம்பழுப்பு நிறக் குதிரை, நெத்தியில ஒரு வெள்ளைத் தீற்றல். ரெண்டு வயசுல இங்கே வந்தப்ப அவன் பேய். வந்த வாரமே ரெண்டு ஆளைக் கடிச்சான், கதவை உதைச்சு ஓட்டை போட்டான். வித்துடலாம்னு முதலாளியம்மா சொன்னப்ப, என்கிட்ட விடுங்கன்னு வாங்கினேன். சாட்டை எடுக்கலை, குச்சி எடுக்கலை. என் கை போதும். குதிரைக்குக் கழுத்து முடிஞ்சு தோள் ஆரம்பிக்கிற இடத்துல தோல் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். அதை ஒரு பிடி அள்ளி, உள்பக்கமா ஒரு முறுக்கு. அவ்வளவுதான். எந்தக் கொம்பன் குதிரையும் அப்படியே நிக்கும். லாயத்துல இதுக்குப் பேரே 'அக்கா பிடி'. ஆறு மாசத்துல கல்லு வழிக்கு வந்துட்டான். இப்ப பன்னிரண்டு வயசு. பக்கத்துல டயர் வெடிச்சாலும் அசைய மாட்டான். நான் கிட்டப் போனாலே போதும், முறுக்கக்கூட வேண்டாம், நிப்பான் பாருங்க, அப்படி நிப்பான். அதனாலதான் கல்லுன்னு பேர் வைச்சேன்.

எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. காலையில அவன் நெத்தியில கை வைச்சாத்தான் எனக்குப் பொழுது விடியும். அந்தக் கையைத்தான் ஒரு காகிதத்துக்காகப் பறிக்கப் பார்த்தாங்க.

வகுப்புக்கு நாங்க நாலு பேர். நான். குளம்பு வெட்டி லாடம் அடிக்கிறவர், அவர் வந்ததே மதியச் சாப்பாடு இலவசம்னு. ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருத்தர், சொந்தமா ஒரு கிழட்டுக் குதிரையை வாங்கி இங்கே விட்டு வைச்சிருக்கார், குதிரைகிட்டப் போய் "வணக்கம், எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்கிற ஆள். நாலாவது என் தம்பி பொண்டாட்டி.

அவளை நான் பூச்சின்னுதான் கூப்பிடுவேன். வாயில்லாப் பூச்சி. தம்பி அவளைக் கட்டிக்கிட்டு வந்து ஏழு வருஷம் ஆச்சு, மூணு பேரும் ஒரே வீடு. கல்யாணமாகி ரெண்டாவது மாசமே லாயத்துல என் கீழ வேலைக்குச் சேர்த்துவிட்டேன். சாணி அள்ளச் சொன்னா அள்ளுவா, தண்ணி தூக்கச் சொன்னா தூக்குவா. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. "உன் பொண்டாட்டி மாதிரி ஒரு பொண்ணு கிடைக்காதுடா"ன்னு தம்பிகிட்ட நானே சொல்லியிருக்கேன். வேலையில கொஞ்சம் மந்தம், அதுதான் குறை. வந்த முதல் நாள் அக்கா பிடியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குப் புரியலை. குதிரை வேற அப்ப பக்கத்துல இல்லை, அதனால அவ மேல்கைச் சதையைப் பிடிச்சு முறுக்கிக் காட்டினேன். சட்டுனு புரிஞ்சுக்கிட்டா. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. மசமசன்னு நின்னா ஒரு பிடி பிடிப்பேன், வேலை கடகடன்னு நடக்கும். வீட்டுலயும்தான். விளையாட்டுக்குத்தான், வேற ஒண்ணும் இல்லை.

முதல் நாள் டீச்சர் வந்தா. ஒல்லியா, துணி ஷூ போட்டுக்கிட்டு. குரல் எப்படின்னா, பக்கத்து அறையில பிணம் கிடக்கிற மாதிரி ஒரு மெதுவு. குதிரைங்களைப் பார்த்து "செல்லம்"ங்கிறா. எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. தடவல் டீச்சர்னு அங்கேயே பேர் வைச்சுட்டேன். லாடக்காரர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார்.

"இன்னைக்குக் குதிரை இல்லை," அப்படின்னா. "முதல்ல நாம ஒருத்தரையொருத்தர் தொட்டுப் பழகுவோம்."

மேனேஜர் முகம் சிவந்துடுச்சு. பாவம், அவர் வேற என்னமோ நினைச்சுட்டார் போல.

விஷயம் இவ்வளவுதான். தொடுறதுக்கு மூணு அளவு இருக்காம். முதல் அளவு, தூங்குற குழந்தையோட கண் இமையைத் தொடுற மாதிரி. ரெண்டாவது, பழுத்த தக்காளியைத் தொடுற மாதிரி. மூணாவது, பிசைஞ்ச மாவுல விரல் பதியுற மாதிரி. அதுக்கு மேல அழுத்தவே கூடாது. கையை மெல்ல நகர்த்திக்கிட்டே கண்ணைப் பார்க்கணும். கண் சிமிட்டினா கை அங்கேயே நிக்கணும். நின்னு, காத்திருக்கணும். எவ்வளவு நேரம்? குதிரைக்குத் தோணுற வரைக்கும். கடைசியில குதிரை நாக்கைச் சப்புக்கொட்டும், தலையை உதறும், இல்லைன்னா கொட்டாவி விடும். அப்படிச் செஞ்சா உடம்புல பிடிச்சு வைச்சிருந்த இறுக்கத்தை விட்டுடுச்சுன்னு அர்த்தமாம்.

"ஆக, சும்மா நிக்கிறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்," அப்படின்னேன் நான்.

"சும்மா நிக்கிறது ரொம்பக் கஷ்டம்மா," அப்படின்னா. கோபமே வரலை அவளுக்கு. கோபம் வராதவங்களை எனக்குப் பிடிக்காது.

எனக்கு ஜோடி பூச்சி. அவ தோள் மேல கையை வைச்சேன், இமை அளவு. ஆடாம அசையாம நின்னா. "பாருங்க டீச்சர், எப்படி அடக்கமா நிக்கிறா! எங்க குதிரைங்களும் இப்படித்தான் என் கைக்கு நிக்கும்."

டீச்சர் பக்கத்துல வந்து பூச்சியையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் என்கிட்ட, "இவங்க மூச்சு விடுறாங்களா, பாருங்க."

"விடாம என்ன? உயிரோடதானே நிக்கிறா!"

மேனேஜரும் லாடக்காரரும் சிரிச்சாங்க. டீச்சர் சிரிக்கலை. "உங்க பேர் என்னம்மா?"ன்னு அவகிட்டக் கேட்டா. பூச்சி தன் பேரைச் சொன்னா. அப்படி ஒரு பேர் அவளுக்கு இருக்குங்கிறதே எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

பிறகு அவ என்னைத் தொடணும். பின்னால நின்னு என் கழுத்துல, ரெண்டு காதுக்கும் நடுவுல கையை வைச்சா. வைச்சாளா இல்லையான்னே தெரியலை, அப்படி ஒரு கை. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு எதிர்ச் சுவர்ல மாட்டியிருந்த சேணங்களை எண்ணிக்கிட்டு நின்னேன். எட்டாவது சேணம் எண்ணுறப்ப எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. வாயைத் திறந்து, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அடுத்தடுத்து ரெண்டு.

"அருமை!" அப்படின்னா டீச்சர்.

"காலையில நாலு மணிக்கு எழுந்தா நாய்க்குக்கூடத்தான் கொட்டாவி வரும்," அப்படின்னு சொல்லிட்டு விலகி வந்துட்டேன். அவ கை பட்ட இடம் மட்டும் சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுன்னு இருந்துச்சு. எரிச்சலா இருந்துச்சு எனக்கு.

ரெண்டாவது நாள் குதிரைங்களை வெளியே கொண்டுவந்தோம். மேனேஜர் தன் கிழட்டுக் குதிரைகிட்ட வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு, கையை வைச்சார். காமணி நேரத்துல அது நாக்கைச் சப்புக்கொட்டுச்சு. மனுஷன் ஏதோ பேரப்பிள்ளை பிறந்த மாதிரி கண் கலங்கிட்டார். லாடக்காரர் குதிரை தலையை உதறுச்சு. தொட்டதுக்கு உதறுச்சா, அவர் வாய்ல அடிக்கிற புகையிலை நாத்தத்துக்கு உதறுச்சான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பூச்சிக்கு டீச்சர் கொடுத்தது சிடுமூஞ்சியை. அது ஒரு பெண் குதிரை, கிட்டப் போறவங்களை எல்லாம் கடிக்கும். எனக்கு மட்டும்தான் அடங்கும். இன்னைக்கு இவ விரல் ஒண்ணு போகப்போகுதுன்னு நான் மருந்துப் பெட்டியைக்கூட எடுத்து வைச்சேன். இவ போய்ப் பக்கத்துல நின்னா. தொடலை. கையைக் காத்துல வைச்சுக்கிட்டு நின்னா. சிடுமூஞ்சி காதைப் பின்னால மடிச்சுச்சு. இவ கையை எடுத்துட்டா. அது காதை நிமிர்த்துச்சு. மறுபடி கை. இப்படியே நாலு தடவை. அஞ்சாவது தடவை அது காதை மடிக்கலை. அப்புறம் எவ்வளவு நேரமோ. திடீர்னு சிடுமூஞ்சி தலையைத் தொங்கப்போட்டு, மேல்வாய் கீழ்வாய் எல்லாப் பல்லும் தெரிய, கண் உள்ளே போற மாதிரி ஒரு கொட்டாவி விட்டுச்சு பாருங்க. தாடை எலும்பு 'கட கட'ன்னுச்சு.

எல்லாரும் கை தட்டினாங்க. பூச்சி சிரிச்சா. ஏழு வருஷத்துல அவ பல்லை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். என் வயிறு பத்தி எரிஞ்சுச்சு, அதைச் சொல்றதுல எனக்கென்ன வெட்கம்?

எனக்குக் கல்லு. வேற குதிரை கொடுக்கட்டுமான்னு டீச்சர் கேட்டா, இவன்தான் வேணும்னேன். பதினோரு குதிரையில சொன்னபடி கேட்கிறது இவன்தானே! போய் நின்னேன், கையை வைச்சேன். இமை அளவு, தக்காளி அளவு, அவ சொன்ன எல்லாக் கூத்தும் பண்ணினேன். கல்லு நின்னான். நாக்கும் இல்லை, உதறலும் இல்லை, கொட்டாவியும் இல்லை. கண்ணைக்கூடச் சிமிட்டலை. ஒரு மணி நேரம்.

"இவனுக்கு எந்த இறுக்கமும் இல்லை டீச்சர். இருந்தாத்தானே விடுறதுக்கு? ரொம்பச் சாந்தமான குதிரை."

அவ கல்லோட விலாப் பக்கத்தைக் காட்டினா. "சாந்தமா நிக்கிற குதிரைக்கு இங்கே ஏறி இறங்கும்மா. இவன் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிறான். நீங்க கையை எடுத்தப்புறம்தான் விடுறான். நான் மூணு தடவை பார்த்துட்டேன்."

"பத்து வருஷமா இவனை வளர்க்கிறவ நான். நேத்து வந்த நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

"நான் சொல்லலைம்மா. அவன் சொல்றான்."

தூ! பேச்சைப் பாருங்க. பக்கத்துல கிடந்த ஈரத் துணியை வாளியில அடிச்சுட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல நான் கத்தின கத்தல்ல தம்பி சோத்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டான். அவன் எப்பவும் அப்படித்தான், சத்தம் வந்தா இடத்தைக் காலி பண்ணிடுவான். பூச்சி சமையல்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. நான் போய் நின்னேன்.

"என்னம்மா, பெரிய வித்தைக்காரி ஆயிட்ட! நாளைக்கு எனக்கே சொல்லித் தருவ போல?"

தட்டைக் கழுவிக்கிட்டே இருந்தா. அதுவும் மெதுவா. எனக்கு ஆத்திரம் தாங்கலை. வழக்கம் போல மேல்கையில ஒரு பிடி பிடிச்சேன். "சீக்கிரம் முடி, நான் முகம் கழுவணும்."

நின்னுட்டா. கையில இருந்த தட்டு அப்படியே நின்னுச்சு. குழாய்த் தண்ணி மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தத் தடவல்காரி சொன்னது மண்டைக்குள்ள எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கும் போல, என் கண் தானா அவ நெஞ்சுப் பக்கம் போச்சு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சளி பிடிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டு வந்து படுத்துட்டேன்.

மூணாவது நாள் சோதனை. முதலாளியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. ஒருத்தருக்கு அரை மணி நேரம். அதுக்குள்ள குதிரை ஒரு அறிகுறியாவது காட்டணும். மேனேஜர் தேறிட்டார். லாடக்காரர் தேறிட்டார், அவரே தேறிட்டார்! பூச்சி பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டுக் கயித்தைச் சுருட்டிக்கிட்டு ஓரமா நின்னா.

நான் கல்லுகிட்டப் போனேன். சட்டைக் கை ரெண்டையும் மடிச்சு விட்டேன். மனசுக்குள்ள கெஞ்சினேன்ங்கிறதை இப்ப ஒத்துக்கிறேன். 'டேய், ஒரே ஒரு தடவை நாக்கைச் சுழட்டுடா. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா? தினம் காலையில உன் நெத்தியைத் தொடணும்டா நான்.'

காதுக்குப் பின்னாலேருந்து ஆரம்பிச்சேன். இமை அளவு. வாழ்க்கையில எதையும் அவ்வளவு மெதுவா நான் தொட்டதில்லை. கழுத்து வழியா கை இறங்குச்சு. கழுத்து முடிஞ்சு தோள் ஆரம்பிக்கிற இடம் வந்துச்சு. அங்கே கல்லோட கண் ஒரு இடத்துல குத்திட்டு நின்னுடுச்சு. தோலுக்கு அடியில பலகை மாதிரி ஆயிடுச்சு. நானும் கையை நிறுத்திட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். தோள்பட்டை வலி உயிர் போச்சு. மேனேஜர் பின்னால நின்னு "பாவம் பாவம்"னு முனகினார். யாரைச் சொன்னாரோ.

டீச்சர் பக்கத்துல வந்தா. "அம்மா, இந்த இடத்துல இவனுக்கு முன்னாடி ஏதாவது ஆகியிருக்கா? அடி, காயம், ஏதாவது?"

"ஒண்ணும் ஆகலை."

"யாராவது இங்கே..."

"ஒண்ணும் ஆகலைன்னு சொல்றேனில்ல! இந்தக் குதிரை மேல ஒரு சாட்டை பட்டதில்லை, தெரியுமா?"

டீச்சர் திரும்பி, பூச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. "நீங்களும் இங்கே ஏழு வருஷமா இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. போயும் போயும் யார்கிட்டக் கேட்கிறா பாருன்னு நினைச்சேன். அவளாவது, வாயைத் திறக்கிறதாவது.

பூச்சி கயித்தைக் கீழே வைச்சா. நேரா எங்கிட்ட வந்தா.

"நான் காட்டுறேன்," அப்படின்னா.

என்னோட இடது மேல்கையை அள்ளிப் பிடிச்சு, உள்பக்கமா ஒரு முறுக்கு முறுக்கினா. நான் சொல்லிக் கொடுத்தபடியே, அச்சு அசலா. கட்டை விரல் எங்கே வரணுமோ அங்கே வந்துச்சு.

வலிதான். ஆனா வலி பெரிசு இல்லை, நான் படாத வலியா? அது வேற. உடம்பு முழுக்க ஒரே இடத்துக்கு ஓடி வந்து, அந்த விரல்களுக்கு நடுவுல போய் நின்னுக்கிச்சு. காலை நகர்த்தணும்னு தோணுது, கால் என்னுது இல்லை. 'ஏய், எடுடி கையை'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வெளியே வரலை. வாய் பேச மூச்சு வேணுமே, அது எங்கே இருந்துச்சு? நான் நின்னேன். அவ்வளவு அடக்கமா என் ஜென்மத்துல நின்னதில்லை.

"இப்படித்தான் பிடிப்பாங்க," அப்படின்னா பூச்சி டீச்சரைப் பார்த்து. பிடியைத் தளர்த்தலை. "கல்லை, அந்த இடத்துல. என்னை, இந்த இடத்துல."

என் வலது கை கல்லு மேலேருந்து எப்ப கீழே வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பூச்சி பிடியை விட்டா. விட்டதும் எனக்கு மூச்சு புஸ்ஸுன்னு வெளியே வந்துச்சு. அதே நேரம் பின்னாலேயும் ஒரு மூச்சு வந்துச்சு. அது என்னோட மூச்சு இல்லை.

திரும்பினேன். கல்லு தலையை முட்டி வரைக்கும் தொங்கப்போட்டிருந்தான். வாயைத் திறந்தான். மஞ்சள் பல்லு, நாக்கு, ஈறு எல்லாம் தெரிய, தாடை ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு, இடி மாதிரி ஒரு கொட்டாவி. பிறகு இன்னொண்ணு. பிறகு இன்னொண்ணு. பத்து வருஷமா உள்ளே வைச்சிருந்திருக்கான் பாவி.

"வந்துடுச்சு!" மேனேஜர் கை தட்டினார். "அம்மா, வந்துடுச்சு உங்களுக்கு!"

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தாங்க. பேனாவைத் திருகினாங்க. "இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கு. பெரியக்காவோட நேரத்துக்குள்ளதான் வந்திருக்கு. தேறிட்டதாப் போட்டுடலாமா டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தா. "நீங்களே சொல்லுங்கம்மா."

ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாரும் ஒத்துக்கிற மனநிலையில இருந்தாங்க, லாடக்காரர் சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு வேற நெளிஞ்சுக்கிட்டிருந்தார். கல்லு எனக்குக் கிடைச்சிருப்பான். நான் பூச்சியைப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கலை. கல்லோட விலாவைப் பார்த்துக்கிட்டிருந்தா. ஏறி இறங்கிக்கிட்டிருந்துச்சு.

பொய் சொல்றதுக்கு எனக்குத் தெரியாதா? அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலதானே சொன்னேன். ஆனா என் இடது கை இன்னும் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுக்கிட்டிருந்துச்சு.

"அவன் கொட்டாவி விட்டது என் கைக்கு இல்லை," அப்படின்னேன். "என் கை போனதுக்கு."

இப்ப நான் புல் கொட்டகையில இருக்கேன். தூசி, தும்மல், எலி. புல்லுக்கட்டு எந்தத் தொந்தரவும் பண்றதில்லை, அதை எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணுதான். குதிரைங்களுக்கெல்லாம் இப்ப தம்பி பொண்டாட்டிதான் பொறுப்பு. அக்கா பிடின்னு இனி யாராவது பேச்செடுத்தா வேலை போகும்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்களாம். டீச்சர் மாசம் ஒரு தடவை வர்றா. அவளை எனக்கு இன்னும் பிடிக்கலை. செல்லமாம், செல்லம்.

வீட்டுலயும் சமையல்கட்டுக்குள்ள அவ இருந்தா நான் வாசல்லயே நின்னுக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கிட்டிருக்கேன். நாக்கு புரள மாட்டேங்குது. ரெண்டு தடவை 'பூ'ன்னு ஆரம்பிச்சு முழுங்கிட்டேன். "சொல்லுங்க அண்ணி" அப்படிங்கிறா. முன்னே மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு இல்லை. தம்பிதான் பாவம், என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாம ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடுறான். இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குத் தெரியலைன்னா, அவன் கண்ணு எதுக்கு?

அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, அது வேற விஷயம்.

தினம் காலையில ஆறு மணிக்கு அவ கல்லை மைதானத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவா. கொட்டகை வாசலைத் தாண்டித்தான் போகணும். நான் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிப்பேன். அவ கயித்தை இழுக்கிறதில்லை, சும்மா முன்னால நடக்கிறா, அவன் பின்னாலேயே போறான், மூக்கு புர்ருபுர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டு. என் வாசல் வந்ததும் அந்தச் சத்தம் நின்னுடும். என்னைத் தாண்டுற வரைக்கும் நாலு எட்டு, அஞ்சு எட்டு, குளம்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

தண்ணித் தொட்டி கிட்டப் போனப்புறம்தான் மூச்சு விடுறான். இங்கேருந்தே கேட்குது.